பறவை வைத்தியமும் பட்டத்திற்குப் பின்னைய கல்வியும்

மாட்டிற்கு நோய் கண்டால் வைத்தியசாலைக்கு ஓட்டிச் செல்வது தமிழ்நாட்டுக் குடியானவர்களின் நெடுநாள் வழக்கம். கோழிக்கு நோய் கண்டால் அவ்வாறு எடுத்துச் செல்வோர் முற்காலத்தில் மிகச் சிலரே. ஒரு கோழியின் விலையைவிட வைத்தியத்திற்காகும் செலவு அதிகம் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அந்நிலை இப்பொழுது பெரிதும் மாறிவிட்டது. நாமக்கல் ஜில்லாவில் ஒரே பண்ணையில் பல்லாயிரம் முட்டைக்கோழிகள் வளர்க்கப்படுகின்றன. அங்கே ஒரு வியாதியைக் காலத்தில் கண்டறியத் தவறினால், ஒரு குடும்பத்தின் முதல் முழுவதும் சில நாட்களில் அழிந்துவிடக்கூடும். கிராமங்களிலோ, புறக்கடையில் மேயும் பத்துக் கோழிகளே பல ஏழைப் பெண்களின் கைப்பணமாக இருக்கின்றன. பட்டணங்களில் பட்ஜரிகர், காக்கட்டீல் முதலிய அயல்நாட்டுக் கிளி வகைகளும், முயல், கினிப்பன்றி முதலிய சிறு பிராணிகளும் பல வீடுகளில் வளர்க்கப்பட்டு வருகின்றன. இவற்றை உடையோர் யாவரும் நோய் கண்டபோது நாடுவது அருகிலுள்ள கால்நடை வைத்தியரையே.

கால்நடை வைத்தியப் பட்டத்திற்குரிய படிப்பு, பயிற்சிக் காலம் உட்பட, ஐந்தரை ஆண்டுகளில் முடிவது. அக்காலத்திற்குள் பசு, எருமை, ஆடு, பன்றி, குதிரை, நாய், கோழி ஆகிய அனைத்தையும் மாணவர் கற்க வேண்டியிருத்தலின், கோழியல்லாத பறவைகளுக்கும் அயல்நாட்டுப் பிராணிகளுக்கும் கிடைக்கும் நேரம் சொற்பமே. எஞ்சியதைப் பட்டம் பெற்றபின்னரே கற்றாக வேண்டும். இக்கல்வியை, விருப்பமுடையோர் சிலர்க்கு மட்டும் உரியதோர் அலங்காரமாகக் கருதுதல் தவறு. மாட்டிற்கென்று கற்ற வைத்தியம் பறவைக்கு நன்மை செய்யாமற் போவதோடு நில்லாது, சில சமயங்களில் அதன் உயிரையே போக்கிவிடும். அஃது எவ்வாறு என்பதும், வைத்தியரும் வளர்ப்போரும் அக்குறையை நீக்கிக்கொள்ளும் வழிகளும் இங்கே விவரிக்கப்படுகின்றன.

பறவையின் தேக அமைப்பு

பறவை சிறிய உருவமுடைய மாடு அன்று. அதன் சுவாசம், இரத்தம், எலும்பு, கழிவு ஆகிய யாவும் வேறு முறையில் அமைந்தவை. இவ்வேற்றுமைகளை உணர்ந்த வைத்தியரே அதைக் கையில் எடுக்கத் தகுந்தவர் ஆவார்.

முதலாவது, சுவாசம். பாலூட்டிகளில் மார்பையும் வயிற்றையும் பிரித்து நிற்கும் தசைத் தட்டு ஒன்று உண்டு. அது கீழிறங்கும்போது காற்று நுரையீரலுள் புகுகிறது. பறவைக்கு அத்தகைய தசைத் தட்டு இல்லை. அதன் நுரையீரல் விலாவோடு ஒட்டி, விரிந்து சுருங்காமல் இருக்கும். நுரையீரலோடு இணைந்த காற்றுப் பைகள், பெரும்பாலான பறவைகளில் ஒன்பது, உடலெங்கும் பரவியுள்ளன. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைவதனால்தான் இப்பைகள் துருத்தியைப் போல விரிந்து சுருங்கிக் காற்றைச் செலுத்துகின்றன. ஆகையால், ஆட்டுக்குட்டியை அணைத்துப் பிடிப்பதுபோல் பறவையின் மார்பை இறுகப் பிடித்தால், மூக்கும் வாயும் திறந்திருப்பினும் அது மூச்சுத் திணறி இறந்துபோகும். சிகிச்சைக்கென்று எடுத்துவந்த கிளி, மேசையின்மேல் பிடித்த பிடியிலேயே இறப்பதற்குப் பல சமயங்களில் நோயோடு இப்பிடியும் காரணமாகிறது. கழுத்தையும் கால்களையும் சிறகுகளையும் அடக்கி, மார்பை அசையவிட்டுப் பிடிப்பதே முறை.

இரண்டாவது, உஷ்ணம். பசுவின் உடலுஷ்ணம் சுமார் 101.5 டிகிரி பாரன்ஹீட். கோழிக்கோ 106 டிகிரி வரை இருப்பது இயல்பு. மாட்டிற்குக் கடும் ஜுரமாகக் கருதப்படும் அளவு, கோழிக்கு ஆரோக்கியத்தின் அடையாளம். நோயுற்ற சிறு பறவைக்கு உஷ்ணம் குறைவதே பெரும்பாலும் ஆபத்தாகும். ஆதலின், மருந்துக்கு முன்னரே அதற்கு வெதுவெதுப்பான இடம் தேவை.

மூன்றாவது, எலும்பு. பறவையின் மேற்சிறகு எலும்பு முதலிய சில, உள்ளே காற்றறை உடையவை. அவை காற்றுப் பைகளோடு தொடர்புற்றவை. நரம்பு கிடைக்காதபோது எலும்பினுள் ஊசி செலுத்தித் திரவம் ஏற்றுவது வைத்திய முறைகளுள் ஒன்று. அதனை மேற்சிறகு எலும்பில் செய்தால் திரவம் நேரே காற்றுப் பைக்குச் சென்று பறவை மூழ்கியதுபோல் இறக்கும். கீழ்ச்சிறகு எலும்பிலோ கீழ்க்கால் எலும்பிலோதான் அதனைச் செய்ய வேண்டும்.

நான்காவது, இரத்தம். சுமார் 35 கிராம் எடையுள்ள பட்ஜரிகர் ஒன்றின் உடலில் உள்ள இரத்தம் ஏறக்குறைய மூன்றரை மில்லி லிட்டரே. அஃது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. நாயிடமிருந்து எடுக்கும் அளவில் இரத்தம் எடுப்பது ஒருபுறம் இருக்க, ஒடிந்த இறகுக் குருத்து ஒன்றிலிருந்து வடியும் இரத்தமே அதன் உயிருக்கு ஆபத்தாகலாம். மேலும், பறவையின் சிவப்பணுக்களுக்கு உட்கரு உண்டு. மனித இரத்தத்திற்கென்று செய்த எண்ணும் கருவிகள் அவற்றைச் சரியாகக் கணக்கிடா. பயின்ற ஒருவர் நுண்பெருக்கியின் கீழ் கண்ணால் எண்ணியே முடிவு கூற வேண்டும்.

ஐந்தாவது, கழிவு. பறவை தன் உடற்கழிவை நீராக அன்றி, யூரிக் அமிலமாகிய வெண்பசையாகவே பெரும்பாலும் வெளியேற்றுகிறது. எச்சத்தில் மேலாகக் காணும் வெள்ளைப் பகுதி அதுவே. சிறுநீரகம் கெடுமானால் அவ்வெண்பசை உடலினுள்ளேயே தங்கி, இருதயம், ஈரல் ஆகியவற்றின்மேல் சுண்ணாம்பு பூசியதுபோற் படியும். இதன் முக்கியத்துவம் பின்னர் விளங்கும்.

மருந்தும் அளவும்

பசுவிற்குரிய மருந்தை எடைக்குத் தக்கவாறு குறைத்துக் கொடுத்தால் கோழிக்குப் பொருந்தும் என்பது பலரிடம் காணப்படும் பிழையான எண்ணம். சிறு பிராணியின் உடலில் மருந்து விரைவில் செலவாகிவிடும். அதற்கு எடைக்கேற்ற அளவு போதாமற் போகலாம். வேறு சில மருந்துகளோ மிகச் சிறிய அளவிலும் நஞ்சாகலாம். மாட்டு வைத்தியத்தில் நாள்தோறும் பயன்படும் புரோக்கெயின் பெனிசிலின் சிறு பறவைகளுக்கு விஷமாக முடிவதை வைத்தியர்கள் கண்டிருக்கின்றனர்.

ஊசி குத்தும் இடமும் கவனிக்கத் தக்கது. காலிலிருந்து திரும்பும் இரத்தத்தின் ஒரு பகுதி, உடலெங்கும் பரவுமுன் சிறுநீரகத்தின் வழியே செல்லும் அமைப்புப் பறவைக்கு உண்டு. ஆகவே காலில் போட்ட மருந்து உரிய இடத்தை அடையுமுன் ஓரளவு வெளியேறிவிடலாம். சிறுநீரகத்தைக் கெடுக்கும் மருந்தாயின் அதனை நேரே தாக்கவும் கூடும். மார்புத் தசையே பொதுவாக ஏற்ற இடம்.

தீனியில் கலக்கும் மருந்துகளிலும் இவ்வேறுபாடு உண்டு. இரத்தக் கழிச்சலைத் தடுக்கக் கோழித் தீனியில் சேர்க்கப்படும் சாலினோமைசின் கோழிக்குப் பழுதில்லாதது. அதே தீனியை வான்கோழிக்கு இட்டால் கால் விழுந்து இறக்கும். குதிரைக்கும் அது கொடிய விஷம். ஒரே வளாகத்தில் இரண்டு வகைப் பறவைகளையும் வளர்ப்போர் தீனி மூட்டைகளைப் பிரித்து வைத்தல் இதனால் இன்றியமையாதது. அன்றியும், அம்மருந்து கலந்த தீனி உண்ணும் கோழிக்கு டயமுலின் என்னும் மற்றொரு மருந்தைக் கொடுத்தால் இரண்டும் சேர்ந்து நஞ்சாகும். வைத்தியர் புதிய மருந்து எழுதுமுன் தீனிச் சீட்டைக் கேட்டுப் பார்ப்பது இதன் பொருட்டே.

சட்டமும் மாறிக்கொண்டே வருகிறது. கோலிஸ்டின் என்னும் மருந்து ஒரு காலத்தில் கோழிப் பண்ணைகளில் தாராளமாக வழங்கப்பட்டது. மனிதரின் கடும் நோய்களுக்குக் கடைசியாகக் கைகொடுக்கும் மருந்துகளுள் அதுவும் ஒன்றாகையால், உணவுக்கான பிராணிகளுக்கு அதனைப் பயன்படுத்துவதை இந்திய அரசாங்கம் 2019-ஆம் ஆண்டு தடைசெய்தது. அதற்கு முன் பட்டம் பெற்றவர், பின்வந்த அறிவிப்பைப் படியாதிருப்பின், தாம் கற்றபடியே செய்து சட்டத்திற்கும் பொதுஜன சுகாதாரத்திற்கும் மாறாக நடந்தவராவார்.

பாறுகள் கற்பித்த பாடம்

மாட்டிற்கு நன்மையான மருந்து பறவைக்கு என்ன செய்யும் என்பதை இந்தியா மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது. இறந்த மாடுகளைத் தின்று ஊரைச் சுத்தமாக வைத்திருந்த பாறுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள், 1990-களில் திடீரெனக் குறையலாயின. இராஜஸ்தானத்துப் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் பறவைச் சரணாலயத்தில் இக்குறைவு முதலில் விவரமாகக் குறிக்கப்பட்டது. வெண்முதுகுப் பாறு என்னும் இனம் 1992-க்கும் 2007-க்கும் இடையில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் அழிந்துவிட்டது. தொற்றுநோய் ஒன்று பரவியிருக்கலாம் என்றே தொடக்கத்தில் பலர் கருதினர்.

உண்மையைக் காட்டியது பிரேத பரிசோதனையே. இறந்த பாறுகளைத் திறந்து பார்த்தபோது, அவற்றுள் மிகுதியானவற்றின் உள்ளுறுப்புகள்மேல் மேற்கூறிய வெண்பசை படிந்திருந்தது. சிறுநீரகம் அழிந்ததன் அடையாளம் அது. பாகிஸ்தானத்துப் பஞ்சாபில் ஆராய்ந்த குழுவினர், அவ்வாறு இறந்த பறவைகளின் சிறுநீரகத்தில் டைக்குளோபினாக் என்னும் மருந்து இருத்தலைக் கண்டு, 2004-ஆம் ஆண்டு வெளியிட்டனர். மாடுகளின் வலிக்கும் வீக்கத்திற்கும் ஜுரத்திற்கும் மலிவாகக் கிடைத்துப் பரவலாக ஊசி போடப்பட்டு வந்த மருந்து அது. ஊசி போட்ட சில நாட்களுக்குள் இறந்த மாட்டைத் தின்ற பாறுகள் மடிந்தன. மாட்டிற்கு அதனால் யாதொரு தீங்கும் இல்லை. ஆகவே, எழுதிக்கொடுத்த வைத்தியர் எவரும் தம் சீட்டினால் பறவைகள் மடியும் என்று ஐயுற இடமில்லாது போயிற்று.

கால்நடைகளுக்கான டைக்குளோபினாக் இந்தியாவில் 2006-ஆம் ஆண்டு தடைசெய்யப்பட்டது. அதற்கு மாற்றாக மெலாக்சிகாம் என்னும் மருந்து பாறுகளுக்குத் தீங்கற்றதென்று பரிசோதனைகளால் நிறுவப்பட்டது. எனினும் மனிதருக்கென்று விற்கப்பட்ட பெரிய புட்டிகள் மாடுகளுக்குப் பயன்பட்டு வந்தமையால், 2015-ஆம் ஆண்டு அவை மூன்று மில்லி லிட்டருக்கு மேற்படாத ஒருவேளைப் புட்டிகளாகக் குறுக்கப்பட்டன. அசெக்குளோபினாக் என்னும் மருந்து மாட்டின் உடலில் டைக்குளோபினாக்காகவே மாறுகிறது என்பதும், கீட்டோபுரோபென் பாறுகளைக் கொல்கிறது என்பதும் பின்னர் அறியப்பட்டு, 2023-ஆம் ஆண்டு அவ்விரண்டும் கால்நடை உபயோகத்தினின்று விலக்கப்பட்டன. அதன்பின் நிமெசுலைடும் விலக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் பாறுகள் இன்று கூடுகட்டி வாழும் முக்கிய இடம் நீலகிரிச் சாரலில் உள்ள மாயாற்றுப் பள்ளத்தாக்கு. அதனைச் சூழ்ந்த கிராமங்களில் மாட்டிற்கு ஊசி போடும் ஒவ்வொருவரும், தாம் பறவை வைத்தியம் செய்வதில்லை என்று எண்ணினும், பறவைகளின் உயிரைக் கையில் வைத்திருப்பவரே. 2000-ஆம் ஆண்டில் பட்டம் பெற்றவர் கற்ற நல்ல மருந்து, அடுத்த ஆறு ஆண்டுகளில் தடைசெய்யப்பட்ட மருந்தாயிற்று. பட்டத்திற்குப் பின்னைய கல்வியின் அவசியத்திற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

புதியனவாகத் தோன்றும் வியாதிகள்

மருந்துகளைப் போலவே வியாதிகளும் ஒரு நிலையில் நிற்பதில்லை. கிராமத்தார் வெள்ளைக்கழிச்சல் என்று கூறும் இராணிகேத் நோய், 1926-ஆம் ஆண்டில் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாஸில் நகரிலும் கண்டறியப்பட்டது. அடுத்து இமயமலைச் சாரலில் உள்ள இராணிகேத்தில் காணப்பட்டு, இந்நாட்டில் அவ்வூர்ப் பெயரையே பெற்றது. 1940-களில் முக்தேசுவரத்து ஆராய்ச்சிசாலையில் அதற்குத் தடுப்பு மருந்து உண்டாக்கப்பட்டது. அதற்கு முன் பயின்றோர் அதனைப் பின்னரே கற்றனர். கம்போரோ நோய் 1962-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. பறவைக் காய்ச்சல் இந்தியக் கோழிகளில் முதலில் உறுதிப்பட்டது 2006-ஆம் ஆண்டு, மகாராஷ்டிரத்து நவாபூரில். இவற்றுள் ஒவ்வொன்றும், தோன்றிய நாளில் பணியிலிருந்த வைத்தியர்களின் பாடப்புத்தகத்தில் இல்லாததே.

தடுப்பு மருந்தைப் பயன்படுத்தும் அறிவும் அவ்வாறே வளர்கிறது. இராணிகேத் நோய்க்கு முதல் வாரத்தில் குஞ்சின் கண்ணிலோ மூக்கிலோ சொட்டாக விடும் மென்மையான மருந்து வேறு. எட்டாவது வாரத்தில் ஊசியாகப் போடும் ஆர்.2.பி. என்னும் வலிய மருந்து வேறு. பின்னதை முன்னதாகக் குஞ்சுகளுக்குப் போட்டால் அதுவே நோயை உண்டாக்கக்கூடும். இரண்டையும் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்துக் காக்க வேண்டும். வெயிலில் சைக்கிளில் எடுத்துச் சென்ற மருந்து, புட்டியில் இருந்தும் பயனற்றதாகிவிடும். இக்குறையைப் போக்க, உஷ்ணத்தைத் தாங்கும் மருந்துகள் ஆஸ்திரேலியாவில் ஆராய்ந்து உருவாக்கப்பட்டன. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் புறக்கடைக் கோழிகள் தின்னத்தக்க குருணை வடிவில் ஒரு தடுப்பு மருந்தைச் செய்திருக்கிறது. இதனை அறிந்த வைத்தியரே குளிர்ப்பெட்டி இல்லாத குக்கிராமத்துக் கோழியையும் காப்பாற்ற இயலும்.

மனிதருக்குத் தொற்றும் வியாதிகளும் பறவைகளிடம் உண்டு. 1929-30-ஆம் ஆண்டுகளில் தென் அமெரிக்காவிலிருந்து கொணரப்பட்ட கிளிகளால் கிளிக் காய்ச்சல் பல நாடுகளில் பரவி மக்களை வருத்திற்று. கிளி வளர்க்கும் வீட்டில் ஒருவருக்குத் தீராத ஜுரமும் இருமலும் கண்டால், அவ்வீட்டில் பறவை இருப்பதை டாக்டரிடம் கூறும்படி அறிவுறுத்த வேண்டியது கால்நடை வைத்தியரின் கடமை.

முயல், கினிப்பன்றி, ஆமை

பறவையல்லாத சிறு பிராணிகளுக்கும் மேற்கூறிய எச்சரிக்கை பொருந்தும். முயலுக்கும் கினிப்பன்றிக்கும் அம்பிசிலின், லிங்கோமைசின் முதலிய மருந்துகளை வாய்வழி கொடுத்தால், குடலில் உள்ள நன்மை செய்யும் கிருமிகள் அழிந்து, நச்சுக் கிருமிகள் பெருகிச் சில நாட்களில் இறக்கும். அறுவைக்கு முன் நாயைப் பட்டினி போடுவது வழக்கம். முயலுக்கு வாந்தி எடுக்கும் இயல்பே இல்லையாதலின் அது வேண்டுவதில்லை. குடல் அசைவு நின்றுவிடுமாகையால் நெடுநேரப் பட்டினி கெடுதலே செய்யும். பின்கால்களைத் தாங்காமல் முயலைத் தூக்கினால் அது உதைத்துத் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளும். கினிப்பன்றி தன் உடலில் வைட்டமின் சி-யை உண்டாக்கிக்கொள்ள இயலாது. பசுந்தழை இல்லாத உலர்தீனியில் வளரும் கினிப்பன்றி மூட்டு வீங்கி நடக்காமற் படுத்திருந்தால், வாதம் என்று எண்ணாமல் அக்குறையை முதலில் நினைக்க வேண்டும்.

ஆட்டிற்கும் மாட்டிற்கும் உண்ணியும் புழுவும் நீங்கப் போடும் ஐவர்மெக்டின், ஆமைகளுக்குக் கை கால் விழச்செய்து உயிரைப் போக்கும். ஆமை வகைகளுக்கு அதனை எக்காரணத்தாலும் போடலாகாது.

சட்ட அறிவும் இவ்வைத்தியத்தில் ஒரு பகுதியே. 1972-ஆம் ஆண்டின் வனஜீவிப் பாதுகாப்புச் சட்டப்படி, இந்நாட்டுப் பச்சைக்கிளிகளையும் நட்சத்திர ஆமையையும் வீட்டில் வளர்ப்பது குற்றம். அத்தகைய பிராணி சிகிச்சைக்கு வந்தால், வைத்தியர் அதன் உயிரைக் காத்து, உரியவர் வனத்துறையை அணுகும் வழியையும் கூற வேண்டும்.

வைத்தியர் கற்கும் வழிகள்

இத்துணை விஷயங்களையும் ஒருவர் எங்கே கற்பது என்று கேட்கலாம். 1903-ஆம் ஆண்டு முதல் நடைபெறும் சென்னைக் கால்நடை வைத்தியக் கலாசாலையும், 1985-ஆம் ஆண்டு தொடங்கிய நாமக்கல் கலாசாலையும் தமிழ்நாட்டில் இக்கல்விக்கு இயல்பான இருப்பிடங்கள். பறவை வைத்தியத்திற்கென்றே அமெரிக்காவில் 1980-ஆம் ஆண்டு ஒரு வைத்தியர் சங்கம் அமைந்து, பல நாட்டாருக்கும் இத்துறையில் வழிகாட்டி வந்திருக்கிறது. ஆயினும் சொற்பொழிவு கேட்பதனால் மட்டும் கை பழகாது. பணியிலிருக்கும் வைத்தியருக்குக் கீழ்க்காணும் நான்கு வழிகள் பெரும்பயன் தருவன.

ஒன்று, பிரேத பரிசோதனை. இறந்த பறவை ஒவ்வொன்றும் ஒரு பாடம். கோழிப் பண்ணை மிகுந்த இடங்களில் வாரந்தோறும் பல பறவைகளைத் திறந்து பார்க்கும் வாய்ப்பு உண்டு. ஆரோக்கியமான உறுப்பின் நிறத்தையும் அளவையும் கண்ணில் பதித்துக்கொண்டவரே நோயுற்றதை உடனே அறிவர்.

இரண்டு, கோழியில் கை பழகுதல். சிறகு நரம்பில் இரத்தம் எடுத்தல், தீனிப்பையில் குழல் செலுத்துதல், மார்புத் தசையில் ஊசி குத்துதல் ஆகியவற்றை விலையுயர்ந்த கிளியில் முதன்முதலாகச் செய்து பார்ப்பது தகாது. மயக்க மருந்து கொடுக்கும் முறையும் இவ்வாறே பழகத்தக்கது. 1980-களிலிருந்து ஐசோபுளூரேன் என்னும் ஆவி மயக்க மருந்து வழக்கத்திற்கு வந்தபின் பறவைகளின் அறுவைச் சிகிச்சை முன்னிலும் ஆபத்துக் குறைந்ததாயிற்று. அதன் கருவி உள்ள இடத்திற்குச் சில நாட்கள் சென்று உடனிருந்து கற்பது பல புத்தகங்களுக்கு ஈடாகும்.

மூன்று, கண்ணால் நோக்கும் பழக்கம். பறவை தன் நோயை மறைக்கும் இயல்புடையது. காட்டில் தளர்ச்சி காட்டும் பறவை எளிதில் இரையாகிவிடுமாகையால், அந்நியர் அருகில் வந்ததும் அது நிமிர்ந்து நின்றுவிடும். வைத்தியர் கூண்டைத் தொடுமுன், சற்றுத் தொலைவில் நின்று, மூச்சோடு வால் ஏறி இறங்குகிறதா, இறகு சிலிர்த்திருக்கிறதா, எச்சம் எவ்வாறுள்ளது என்று பார்த்தல் வேண்டும். பிடித்தபின் காணக் கிடையாத செய்திகள் இவை.

நான்கு, குறிப்பேடும் கூட்டமும். கண்ட நோய், கொடுத்த மருந்து, அளவு, முடிவு ஆகியவற்றை எழுதி வைத்து, அருகிலுள்ள வைத்தியர்களோடு மாதம் ஒருமுறை கூடிப் பேசுதல் செலவில்லாத கல்வி. தவறிய சிகிச்சைகளையும் மறையாமல் எடுத்துரைத்தால், ஒருவர் பட்ட நஷ்டம் மற்றவர்க்குப் பாடமாகும். கால்நடை ஆய்வாளர்களையும் தடுப்பு மருந்து போடுவோரையும் இக்கூட்டங்களில் சேர்த்துக்கொள்வது அவசியம். கிராமத்தில் நோயை முதலில் காண்பவர் அவர்களே.

வளர்ப்போர் செய்ய வேண்டியவை

வைத்தியரின் கல்வியில் வளர்ப்போருக்கும் பங்குண்டு. நோயுற்ற பறவையை இறக்கும் தறுவாயில் கொண்டுவந்தால் எத்துணை கற்றவரும் ஒன்றும் செய்ய இயலாது. இறந்ததைக் குப்பையில் எறிந்துவிட்டால் கற்கவும் வழியில்லை. ஆகவே பின்வருவனவற்றை அவர்கள் அனுசரிப்பது நன்று.

1. கூண்டுப் பறவைகளை வாரம் ஒருமுறை கிராம் காட்டும் தராசில் நிறுத்து எழுதி வைக்க வேண்டும். இறகு அடர்ந்திருப்பதால் மெலிவு கண்ணுக்குத் தெரியாது. எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் தாமதமின்றி வைத்தியரிடம் காட்ட வேண்டும். தராசு இல்லாதோர் நெஞ்செலும்பைத் தடவிப் பார்க்கலாம். அது கத்தி முனைபோல் கையில் தட்டுப்பட்டால் பறவை மெலிந்திருக்கிறது.

2. கிளி வகைகளுக்கு விதைகளை மட்டும் இடலாகாது. அதனால் வைட்டமின் ஏ குறைந்து, மூக்கும் வாயும் புண்ணாகும். கீரை, காரட் முதலியவற்றையும் கொடுக்க வேண்டும். வெண்ணெய்ப்பழம் எனப்படும் அவக்காடோ கொடுக்கவே கூடாது. ஒட்டாத பூச்சுள்ள சமையற் சட்டி அடுப்பில் தீய்ந்து எழும் புகை, அருகில் உள்ள பறவையைச் சில நிமிஷங்களில் கொன்றுவிடும்.

3. வீட்டில் எஞ்சியிருக்கும் மாட்டு மருந்தையோ மனிதர் மருந்தையோ பறவைக்கும் முயலுக்கும் கொடுக்கலாகாது. முன்பு கொடுத்த மருந்து எதுவாயினும் அதனை வைத்தியரிடம் மறையாது கூற வேண்டும்.

4. ஓரிரண்டு கோழிகள் காரணம் தெரியாமல் இறந்தால், உடலை இரண்டு பிளாஸ்டிக் பைகளில் இட்டுக் கட்டி, பனிக்கட்டிமேல் வைத்து, அன்றே பரிசோதனைசாலைக்கு அனுப்ப வேண்டும். கல்லாக உறையவிடுதல் கூடாது. உறைந்த உறுப்பில் நோயின் குறிகள் கெட்டுவிடும். உயிரோடுள்ள நோயுற்ற கோழி ஒன்றிரண்டையும் உடன் அனுப்பினால் நோயை அறிவது எளிது.

5. திடீரெனப் பல பறவைகள் ஒருங்கே இறந்தால் உடலைத் தொடவும் திறக்கவும் கூடாது. யாரையும் உள்ளே விடாமல், உடனே கால்நடை பராமரிப்புத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். பறவைக் காய்ச்சல் என்று ஐயம் எழுந்தால், மாதிரிகள் போபாலில் உள்ள உயர்காப்புப் பரிசோதனைசாலைக்கு அனுப்பி முடிவு பெறப்படும்.

6. முட்டைக்கோழிக்கு மருந்து கொடுத்தபின் எத்தனை நாள் முட்டையை விற்கலாகாது என்று வைத்தியரிடம் கேட்டு, அந்நாட்களைக் கணக்கிட்டு நடக்க வேண்டும்.

மேற்கூறியவற்றால், பறவை வைத்தியம் கலாசாலையை விட்டு வெளிவரும் நாளில் முடிந்துவிடும் கல்வி அன்று என்பது விளங்கும். மடிந்த பாறுகளின் உடலைத் திறந்து பாராதிருந்தால், அவை ஏன் மடிந்தன என்பது இன்றும் விளங்கியிராது. புறக்கடையில் இறந்து கிடக்கும் கோழியும் அத்தகையதோர் உண்மையைத் தன்னுள் வைத்திருக்கக்கூடும். அதனைப் பனிக்கட்டியில் வைத்து எடுத்துவரும் குடியானவரும், பொறுமையோடு திறந்து பார்த்துக் குறித்து வைக்கும் வைத்தியரும் சேர்ந்தே இக்கல்வியை வளர்க்க வேண்டும்.